ஆற்றுப் பத்திரமும் கணினி உரிமமும்

உரிமை ஆளைச் சார்ந்ததா, பொருளைச் சார்ந்ததா என்பது பழைய வினா. கோத்தா திங்கி வட்டாரத்திற்கு அது புதிதன்று. தெமெங்கோங் இப்ராகிம் காலத்தில், 1844ஆம் ஆண்டிலேயே, ஜொகூரில் 'சூராட் சுங்கை' எனும் ஆற்றுப் பத்திரங்கள் வழங்கப்பெற்றன. இன்ன ஆற்றங்கரையில் இன்னார் மிளகும் காம்பிரும் பயிரிடலாம் என்பது அதன் சாரம். அதனைப் பெற்ற சீனத் தலைவர் 'கங்சு' எனப்பட்டார். ஜொகூர் ஆற்றங்கரையிலும் பரவிய இம்முறை 1917இல் ஒழிக்கப்பெற்றது. அப்பத்திரம் ஆளையும் ஆற்றையும் ஒருங்கே குறித்தது. இன்று கடையில் வாங்கும் கணினியோடு வரும் விண்டோஸ் உரிமமோ, ஆளை விடுத்துப் பொருளை மட்டுமே பற்றி நிற்கிறது. அந்நிலை வந்த வரலாற்றை ஈண்டு நோக்குவோம்.

கணினியில் மின்சாரம் பாய்ந்ததும் முதலில் விழிப்பது தாய்ப்பலகையின் சில்லில் பதிந்துள்ள நிலைபொருளாகும். 1981இல் வெளிவந்த ஐ.பி.எம். கணினியில் இது 'பயாஸ்' எனப் பெயர் பெற்றது. இதுவே இயங்குதளத்தை எழுப்பிவிடுகிறது.

2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி, உரிமத்தை மைக்ரோசாப்ட்டிடம் பதிந்து உறுதிசெய்யுமாறு கோரிற்று. பெரிய உற்பத்தியாளரின் கணினியை வாங்குவோர்க்கு இத்தொல்லை வேண்டாமென்று ஒரு வழி வகுக்கப்பட்டது. நிலைபொருளில் உற்பத்தியாளரின் பெயர்ச்சொல் இருந்தால் போதும்; இயங்குதளம் மறுபேச்சின்றி இயங்கும். ஆனால் ஒரு சொல்லைப் பிறரும் எழுதிவிடலாம் அன்றோ?

ஆதலின் 2007இல் விஸ்டாவோடு காவல் இறுகியது. நிலைபொருளில் 'எஸ்.எல்.ஐ.சி.' என்னும் அட்டவணை, வட்டில் கையொப்பமிட்ட சான்றிதழ், உற்பத்தியாளருக்குரிய எண் ஆகிய மூன்றும் ஒத்திருத்தல் வேண்டும். எனினும் ஒரே எண் எண்ணற்ற கணினிகளுக்குப் பொதுவாக இருந்தது. 2009இல் விண்டோஸ் 7 விற்பனைக்கு வருமுன்பே லெனோவோவுக்குரிய எண்ணும் சான்றிதழும் வெளியே கசிந்தன. அட்டவணை இருப்பதுபோல் நடிக்கும் போலி நிரல்களும் உலவின.

2012இல் விண்டோஸ் 8 இம்முறையையே மாற்றிற்று. ஆலையிலேயே ஒவ்வொரு கணினிக்கும் 25 எழுத்துகளும் இலக்கங்களும் கொண்ட தனி எண் 'எம்.எஸ்.டி.எம்.' அட்டவணையில் பதிக்கப்பட்டது. நிறுவும்போது இயங்குதளம் அதைத் தானே படித்து, இணையத்தின் வழி உறுதிசெய்துகொள்ளும். எண் அச்சிட்ட ஒட்டுத்தாளுக்கு வேலையில்லாமற் போயிற்று.

இதனால் விளைந்த நன்மை பெரிது. வட்டு பழுதானால் புதிய வட்டில் அதே பதிப்பை நிறுவலாம். உரிமம் தானே திரும்பும். பழைய கணினி கைமாறினால் உரிமமும் உடன் செல்லும். ஆயினும் வீட்டுப் பதிப்பின் எண் தொழிற்பதிப்பைத் திறவாது. தாய்ப்பலகை மாண்டால் எண்ணும் அதனோடு போகும். உற்பத்தியாளர் பழுது நீக்கி மாற்றுப் பலகையில் பதித்தாலன்றி உரிமையாளர் கை வெறுங்கையே.

பிள்ளைகளின் படிப்புக்காகப் பழைய கணினி வாங்கும் பெற்றோர் இதனை மனத்திற்கொள்ளுதல் நலம். பலகை மாற்றப்பட்டதா, எந்தப் பதிப்பின் உரிமம் உள்ளது என்று கேட்டறிந்த பின்னரே பணம் கொடுக்க வேண்டும். கங்சுவின் கையில் பத்திரமேனும் இருந்தது; இன்று வாங்குவோரின் உரிமைச் சான்று அவர் கண்ணுக்குப் புலப்படாத ஒரு சில்லுக்குள் அடங்கிவிட்டது.