குறுங்கால இடைக் கடனில் பணம் போடுவோர் கவனத்திற்கு

"இலட்சத்துக்கு மாசம் மூவாயிரம் தாரேன், மூணு மாசம்தான், சரக்கு வித்ததும் முதல் கைக்கு வந்துரும்." புறக்கோட்டையிலும் கல்முனை, காத்தான்குடி கடைத்தெருக்களிலும் இந்தப் பேச்சைக் கேட்காதவர் குறைவு. கணக்காளர் என்ற வகையில் இத்தகைய கொடுக்கல் வாங்கல்களின் பத்திரங்களைப் பல தடவை பார்த்திருக்கிறேன். பத்திரம் என்பதே பெரிய வார்த்தை. அநேகமாக ஒரு காசோலையும் ஒரு கையெழுத்தும்தான் இருக்கும்.

இப்படிப் பணம் தேடுபவர் எல்லோரும் ஏமாற்றுக்காரர் அல்லர். கொள்கலன் துறைமுகத்துக்கு வந்துவிட்டது. தீர்வை கட்டினால்தான் வெளியே எடுக்கலாம். தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் கட்டணம் ஏறும். வங்கிக் கடன் அனுமதிக்கு வாரக்கணக்காகும். பழைய வீடு விற்கும் முன் புதிய காணிக்குப் பணம் கட்ட வேண்டியவரின் நிலையும் இதுவே. இந்த இடைவெளிக்குப் பாலம் போடுபவருக்குப் பணம் விரைவில் திரும்புகிறது, வருமானமும் வங்கி வைப்பை விட அதிகம். கவர்ச்சி அங்கேதான்.

ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பத்து இலட்சத்துக்கு மூன்று மாதத்தில் கிடைப்பது 90,000 ரூபா. ஒருவர் முதலோடு காணாமற் போனால், அந்தப் பத்து இலட்சத்தை ஈடு செய்ய அதே தொகையைப் பன்னிரண்டு தடவை பழுதில்லாமல் கொடுத்து வாங்க வேண்டும். அதாவது, பணம் ஒரு நாளும் சும்மா கிடக்காவிட்டாலும் மூன்று வருடம்.

ஆகவே நான் முதலில் கேட்பது, "முதல் எங்கிருந்து திரும்பி வரும்?" என்பதைத்தான். ஆள் நல்லவரா என்பது அதற்குப் பிறகு. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. எல்.சி. திறக்க டொலர் இல்லை. அன்று தடுமாறியவர்களில் ஐவேளையும் பள்ளியில் முன் ஸஃப்பில் நிற்கும் நேர்மையான வியாபாரிகளும் இருந்தார்கள். நேர்மை சரக்கை விற்றுத் தராது.

பின் திகதியிட்ட காசோலையைப் பிணை என்று நம்புபவர்கள் அதிகம். போதிய பணமின்றிக் காசோலை கொடுப்பது 1990 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடன் அறவீட்டு விசேட ஏற்பாடுகள் சட்டத்தின் கீழ் குற்றம்தான். ஆனால் தண்டனை வேறு, பணம் கைக்கு வருவது வேறு. காணி உறுதியை வாங்கி அலுமாரியில் வைப்பதும் ஈடு ஆகாது. ஈட்டு முறி நொத்தாரிசு முன் இரு சாட்சிகளுடன் எழுதப்பட்டு, காணிப் பதிவகத்தில் பதியப்பட வேண்டும். அதே காணி ஏற்கெனவே வேறொருவருக்கு ஈடு வைக்கப்பட்டிருக்கிறதா என்பதும் அங்கேதான் தெரியும். அப்படியும் தவணை தவறினால், வங்கிகளுக்குள்ள பராட்டே உரிமை உங்களுக்கு இல்லை. நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். மூன்று மாதக் கடன் வழக்கில் வருடங்களாக நீளும்.

இனி மார்க்கப் பக்கம். முதலுக்கு உத்தரவாதம், மாதம் இவ்வளவு என்று நிர்ணயித்த தொகை: இதற்கு "இலாபம்" என்று பெயர் வைத்தாலும் அது வட்டிதான். முழாரபா என்றால் உண்மையான இலாபத்தில்தான் பங்கு. பணத்தைக் கையாள்பவரின் கவனயீனமோ மோசடியோ இல்லாத நட்டம் முதல் போட்டவரைச் சேரும். முராபஹா என்றால் சரக்கை முதலில் நீங்கள் வாங்கி, உங்கள் பொறுப்பில் எடுத்து, பிறகு இணங்கிய விலைக்கு விற்க வேண்டும். எமது ஊர்களில் "முழாரபா" என்று தலைப்பிட்ட தாள்களில் நட்டம் பற்றி ஒரு வரிகூட இராது. நட்டம் யாருடையது என்று கேட்டதும் பேச்சு மாறினால், பணத்தை மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். சூறா அல்பகறாவின் 282 ஆவது வசனம் தவணைக் கடனை எழுதவும் சாட்சி வைக்கவும் ஏவுகிறது. சாச்சாவின் மகன், மச்சான் என்று வெட்கப்பட்டு எழுதாமல் விடுவதற்கு அதில் இடமில்லை.

ஒருவர் பலரிடமிருந்து இவ்வாறு பணம் திரட்டத் தொடங்கினால் விடயம் வேறாகிறது. 2011 ஆம் ஆண்டின் 42 ஆம் இலக்க நிதித்தொழில் சட்டப்படி, அனுமதிப்பத்திரமின்றி வைப்புகளை ஏற்பது குற்றம். அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியலை மத்திய வங்கி வெளியிடுகிறது. ஒரு வைப்பாளருக்கு 11 இலட்சம் ரூபா வரையான வைப்புக் காப்புறுதியும் அத்தகைய நிறுவனங்களுக்கு மட்டுமே; கடைக்கார நானாவிடம் கொடுத்த பணத்துக்கு அது கிடையாது. வெளிநாட்டில் உழைத்து அனுப்பிய காசு, ஹஜ்ஜுக்குச் சேர்த்தது, அநாதைப் பிள்ளைகளின் பங்கு ஆகியவற்றை இந்த வழிக்குக் கொண்டு வரும் யாருக்கும் நான் கையெழுத்து வைக்கச் சொல்வதில்லை.