கொல்லிமலை ஏறிய மூதாதை

பங்குக் குருவாகப் பணியாற்றுவோருக்கு ஆண்டுதோறும் ஒருவகைக் கடிதங்கள் வந்து சேர்வதுண்டு. "எம் பாட்டனாரின் தந்தை உங்கள் பகுதியிலிருந்து கப்பலேறியவர் என்று கேள்வி, அவருடைய திருமுழுக்குப் பதிவு உங்கள் கோயில் ஏட்டில் இருக்குமா?" என்று பினாங்கிலிருந்தோ டர்பனிலிருந்தோ யாரேனும் கேட்டெழுதுவார்கள். நாமும் கறையான் விட்டுவைத்த ஏடுகளைப் புரட்டி, இருந்தால் எழுதியனுப்புவோம். இல்லையெனில் செபத்தோடு ஒரு மறுமொழி. இந்த ஏடுகள் முன்னோரைத் தேடுவோருக்காகத் தொடங்கப்பட்டவை அல்ல. மறைவாக நடந்த மணங்களையும் உறவுமுறை மீறிய மணங்களையும் தடுக்கவே 1563இல் திரெந்து பொதுச்சங்கம் பதிவேட்டைக் கட்டாயமாக்கிற்று. 1614இல் வெளிவந்த உரோமைச் சடங்குநூல் திருமுழுக்கு முதல் இறப்பு வரை ஐந்து ஏடுகளை வகுத்துக் கொடுத்தது. ஆயினும் நாளடைவில் இவை ஏழைகளின் வமிசாவளியாகிவிட்டன. அரச குலத்தார்க்கு மெய்க்கீர்த்தி. கூலி வேலைக்குக் கடல் கடந்தவனுக்குக் கோயில் ஏட்டில் ஒரு வரி.

அந்த ஒரு வரியும் இல்லாத மூதாதை ஒருவரைப் பற்றியே இங்கே எழுத விழைகிறோம். அவர் கடல் கடந்து போனவரல்லர். சமவெளியிலிருந்து மலைக்கு ஏறி வந்தவர், அல்லது வந்ததாகச் சொல்லப்படுபவர்.

கொல்லிமலையைச் சேர்ந்த கல்லூரி மாணவன் ஒருவன் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடு போட்ட நோட்டுப் புத்தகத்தோடு நம்மிடம் வந்தான். விடுதியில் உடன் தங்கிய மாணவர்கள், "உங்கள் கதைப்படி நீங்கள் காஞ்சிபுரத்து வெள்ளாளர், பிறகு எப்படிப் பழங்குடி?" என்று கேட்டுச் சிரித்தார்களாம். "எங்க வமிசத்தை எழுதி வைக்கணும் சாமி, எப்படித் தொடங்குறதுன்னு தெரியல" என்றான். சிரித்தவர்களுக்கு அது வேடிக்கை. இவனுக்கோ படிப்பும் உதவித்தொகையும் அடங்கிய கேள்வி. அவனோடு நாமும் மலையேறினோம். காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஐம்பதைக் கடந்த வயிற்றுக்கு அது ஒரு தவமுயற்சியே.

மலையில் வாழும் மக்கள் தம்மை மலையாளி என்பர். கேரளத்துக்கும் இப்பெயருக்கும் தொடர்பில்லை. மலையை ஆள்பவர் என்பதே பொருள். பேசுவது தமிழ். பெயருக்குப் பின் கவுண்டர் என்ற பட்டம். காராள வெள்ளாளர் என்று சொல்லிக்கொள்வோரும் உண்டு. சேர்வராயன், கல்வராயன், பச்சைமலை, சவ்வாது மலை எங்கும் இவர்கள் பரவியிருக்கின்றனர். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழகத்தில் 3,57,980 பேர். நம் மாநிலப் பழங்குடிகளில் இவர்களே பெருந்தொகையினர்.

மூதாதையர் கதையைச் சேலம் மாவட்டக் கையேடு (1883) எழுதிய லெ பானுவின் காலம் முதல் ஆங்கிலேய அலுவலர்கள் குறித்து வைத்தனர். எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய ஏழு தொகுதிகளிலும் அது இடம்பெற்றது. காஞ்சியில் மனம் ஒவ்வாத கரிராமன் என்னும் தெய்வம் வேறிடம் நாடிப் புறப்பட, பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்னும் மூவர் குடும்பத்தோடு பின்தொடர்ந்தனர். சேலம் சீமைக்கு வந்ததும் வழி பிரிந்து ஆளுக்கொரு மலை ஏறினர் என்பது ஒரு வடிவம். எந்த அண்ணனுக்கு எந்த மலை என்பதில் கதைகள் ஒத்துப்போவதில்லை. ஒன்றில் நடுவண்ணன் கொல்லிமலைக்கு வருகிறார். இன்னொன்றில் அவரே பச்சைமலைக்குப் போய்விடுகிறார்! மத்தேயு யோசேப்பின் தந்தை யாக்கோபு என்றும், லூக்கா ஏலி என்றும் எழுதியதை விளக்க மறைநூல் வகுப்பில் நாம் பட்ட பாடு நினைவுக்கு வந்தது.

சரி, எப்போது வந்தார்கள்? தென்னாட்டில் முகமதியர் ஆட்சி ஓங்கியிருந்தபோது, ஏறத்தாழப் பத்துத் தலைமுறைக்கு முன் என்று சேர்வராயன் மலையார் சொல்லிய செய்தி நூல்களில் உண்டு. தலைமுறைக்கு இருபத்தைந்து முதல் முப்பது ஆண்டு என்று கொண்டால், 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து பின்னோக்கி 250 முதல் 300 ஆண்டுகள். அது 1600ஐ ஒட்டியோ அதற்குச் சற்றுப் பின்னோ போய் நிற்கும். 1640களில் பீஜப்பூர், கோல்கொண்டாப் படைகள் தொண்டை நாட்டில் புகுந்தன. செஞ்சிக் கோட்டையும் அக்கால அளவில் வீழ்ந்தது. கணக்கு ஏறக்குறையப் பொருந்துகிறது என்று மகிழலாம். ஆனால் வாய்மொழி மரபில் பத்து என்பது எண்ணா, "பல" என்பதற்கு மாற்றுச் சொல்லா என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நாம் வேறொரு கணக்கும் போட்டுப் பார்த்தோம். அண்ணன் தம்பி மூவரும் மனைவியர் மூவரும் ஆக ஆறு பேர். ஒவ்வொரு தலைமுறையிலும் தொகை இரட்டித்தது என்றே வைத்துக்கொள்வோம். பத்துத் தலைமுறையில் 6,144 பேர். மேலும் நான்கு தலைமுறை சேர்த்தால் 98,304. கணக்கெடுப்பில் உள்ள தொகையில் இது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதிலும் தலைமுறைதோறும் இரட்டிப்பது என்பது காய்ச்சலும் பஞ்சமும் அலைக்கழித்த நாட்டில் நடவாத காரியம். 1876 முதல் 1878 வரை சேலம் மாவட்டம் பட்ட பாடு ஒன்றே போதிய சான்று. ஆகவே மூன்று குடும்பங்களுக்கு மேல் பலர் வந்திருக்க வேண்டும்; அல்லது வந்தவர்களுக்கு முன்பே மலையில் ஆட்கள் இருந்திருக்க வேண்டும்.

இருந்தார்கள் என்பதில் ஐயமில்லை. புறநானூற்றில் வன்பரணர் பாடிய வல்வில் ஓரி கொல்லிமலைத் தலைவன். வேட்டையாடும் கோலத்திலேயே புலவர் கண்ணில் படுகிறான். காரி அவனைக் கொன்று மலையைச் சேரனுக்குக் கொடுத்த செய்தியும் சங்கப் பாடல்களில் உண்டு. செம்மேட்டில் ஓரி குதிரைமேல் சிலையாக நிற்கிறான். ஆடி மாதத்தில் அவனுக்கு அரசு விழா. அறப்பள்ளி ஈசுவரரை அப்பரும் நினைவுகூர்ந்துள்ளார். மூன்று அண்ணன் தம்பியர் ஏறிய மலை ஆளற்ற காடு அன்று.

இந்த இடத்தில்தான் கதையின் இன்னொரு வடிவம் நமக்குக் கைகொடுக்கிறது. வந்த மூவரும் மலையில் இருந்த வேடர் முதலியோரை வென்று, அங்கேயே பெண் எடுத்தனராம். ஒருவர் கைக்கோளப் பெண்ணையும் ஒருவர் வேடர் பெண்ணையும் ஒருவர் தேவேந்திரப் பள்ளர் பெண்ணையும் மணந்தனர் என்பர். இதை எழுதிய அலுவலர்கள் சாதிக் கலப்பின் செய்தியாகக் கண்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டனர். நமக்கோ கதையின் உயிர்நாடி இதுவே என்று தோன்றுகிறது. தந்தை வழியைப் பிடித்தால் காஞ்சி. தாய்வழியைப் பிடித்தால், வேடர் மகள் ஒருத்தியின் வழியாக, ஓரியின் மலை. இரண்டும் மெய்யாக இருக்க எந்தத் தடையும் இல்லை. வமிசாவளி எழுதுவோர் ஆண்களின் பெயரை மட்டும் கோத்துக்கொண்டு போவதால்தான் "வந்தேறியா, பூர்வ குடியா" என்ற வழக்கே எழுகிறது. மத்தேயு தம் அட்டவணையில் தாமார், இராகாபு, ரூத்து, உரியாவின் மனைவி என நால்வரை இடையில் நிறுத்தியதை இங்கே எண்ணிக்கொண்டோம்.

சட்டத்தைக் கேட்டாலும், அது காஞ்சியைப் பற்றி வினவுவதில்லை. பழங்குடிகளை அடையாளம் காண 1965இல் லோகூர் குழு சொன்ன அளவுகோல்கள் தொன்மையான வாழ்க்கைக் கூறுகள், தனித்த பண்பாடு, ஒதுங்கிய வாழிடம், பிறரோடு பழகக் கூச்சம், பின்தங்கிய நிலை ஆகிய ஐந்து. பாட்டன் எங்கிருந்து வந்தான் என்பது அவற்றுள் இல்லை. சான்றிதழில் ஐயம் எழுந்தால் தெய்வம், சடங்கு, மண முறை, ஈமக்கடன் முதலியவற்றை ஆராயும் குழுக்கள் வேண்டும் என உச்ச நீதிமன்றம் 1994இல் வகுத்தது. அத்தகைய சோதனை மட்டுமே முடிந்த முடிபாகாது என 2023இல் தெளிவுபடுத்தியது. ஆனால் சட்டத்துக்கும் ஒரு விந்தை உண்டு. மலையாளிகளைப் பழங்குடிப் பட்டியலில் சேர்த்தபோது சேலம், தருமபுரி, வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை என மாவட்டப் பெயர்களோடு சேர்த்தார்கள். அன்று கோவை மாவட்டத்தில் இருந்து, பின்னர் ஈரோட்டுக்குப் போன பர்கூர் மலை அதில் விடுபட்டது. அங்குள்ளவர்களும் மலையாளிகளே; ஆனால் பட்டியலில் இல்லை. நெடுங்காலமாகக் கேட்டு வருகின்றனர். பாபிலோனிலிருந்து திரும்பியோருள், பர்சில்லாயின் மகளை மணந்து அவள் குடும்பப் பெயரையே ஏற்றுக்கொண்டவரின் வழியினர் பதிவேட்டில் தம் பெயரைத் தேடிக் காணாமல் குருத்துவப் பணியினின்று விலக்கப்பட்டதை எஸ்ரா நூல் இரண்டாம் அதிகாரம் சொல்கிறது. ஏடு எழுதுபவனின் கைப்பிழைக்கு இத்தனை வலிமை! ஏடு வைத்திருக்கும் நாமும் அஞ்ச வேண்டிய செய்திதான்.

மாணவனின் பாட்டனார் திண்ணையில் அமர்ந்து, தம் தந்தை, பாட்டன், முப்பாட்டன் என நான்கு தலைமுறைப் பெயர்களைத் தடையின்றிச் சொன்னார். ஐந்தாவதைக் கேட்டபோது, "அதுக்கு மேல பெரியண்ணன், சின்னண்ணன்தான் சாமி" என்றார். நான்குக்கும் பத்துக்கும் இடையே உள்ள ஆறு தலைமுறைகள் அந்த ஒரு சொல்லில் அடங்கிப்போயின. பேரன் அம்புக்குறி போட்டுக் கட்டம் கட்டமாக எழுதிக்கொண்டான். அத்தனையும் ஆண் பெயர்கள்.

உள்ளே கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்த பாட்டியிடம், "அம்மா, இந்த வீட்டுக்கு வந்த மருமக்கமாரு எந்தெந்த ஊரு?" என்று கேட்டோம். முறத்தைக் கீழே வைக்காமலே சொல்லத் தொடங்கினார். மாமியார் சேலூர் நாட்டுப் பெண். அவருடைய மாமியார் வளப்பூர் நாடு. பரிசம் கொடுக்க மாடு போதாமல் மாப்பிள்ளையே இரண்டு ஆண்டு மாமனார் காட்டில் உழைத்தாராம். அதற்கு முந்தியவர் வாழவந்திப் பக்கம். அந்த வாழவந்தியில், 1929இல் காய்ச்சலால் இறந்த ஆங்கிலேய மறைப்பணியாளர் ஜெஸ்ஸி பிராண்டின் கல்லறை இருக்கிறது. மலையைவிட்டு இறங்க மறுத்து 1974இல் இறந்த அவருடைய மனைவி எவ்லினும் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டுள்ளார். கடல் கடந்து வந்தவர்களுக்குக் கல்லில் பெயரும் ஆண்டும் உண்டு. பாட்டி சொன்ன பெண்களுக்கு அவர் நினைவைத் தவிர வேறு ஏடில்லை.

"அவுங்க பேரு என்ன பாட்டி?" என்றான் பேரன்.

முறம் நின்றது. "மாமியா பேரைச் சொல்லுறதா?" என்று முதலில் வெட்கப்பட்டார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார். அடுத்தவர் பெயரையும் சொன்னார். வாழவந்திக்காரியின் பெயர் வரவில்லை. நெற்றியைச் சுருக்கி வெகுநேரம் எண்ணிப் பார்த்தார். பேரன் பக்கத்தின் வலப்புறம் புதிதாக ஒரு கோடு கிழித்து இரண்டு பெயர்களை எழுதி, மூன்றாம் இடத்தில் ஊரை மட்டும் குறித்துப் பெயருக்கு இடம் விட்டான்.

நாம் இறங்க வேண்டிய பேருந்து வந்துவிட்டது.