கிள்ளான் சாலையும் சைக்கிள் உரிமையும்

கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைக்கும் கூட்டரசு நெடுஞ்சாலையை அறியாத தமிழர் இந்நாட்டில் மிகச் சிலரே. காலையில் தலைநகர் நோக்கியும் மாலையில் புறநகர் நோக்கியும் அதில் விரையும் மக்களின் தொகையை எண்ணிச் சொல்லல் எளிதன்று. சரித்திரம் என்றால் மன்னர் பெயரும் போர் நிகழ்ந்த ஆண்டும் என்றே பள்ளியில் நாம் பயின்றோம். நாடோறும் சக்கரம் உருட்டிச் செல்லும் சாலைக்கும் ஒரு சரித்திரம் உண்டென்பதை எவரும் நமக்குச் சொல்லித் தந்தாரில்லை. அச்சரித்திரத்தில் நம்மவர் பங்கு சிறிதன்று. ஆதலின் அதனை ஈண்டு ஒருவாறு எடுத்துரைப்போம்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் மோட்டார் வண்டிக்கு முந்தியது இரயில். 1886-ஆம் ஆண்டில் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றங்கரையிலுள்ள புக்கிட் கூடா வரை இருப்புப் பாதை இடப்பட்டது. ஈயத்தைக் கடலுக்குக் கொண்டு சேர்ப்பதே அதன் நோக்கம். 1901-இல் போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற புதிய துறைமுகம் திறக்கப்பட்டது. அதுவே 1972 முதல் கிள்ளான் துறைமுகம் எனப் பெயர் பெற்றது. ஈயத்தின் பின்னே காப்பியும், காப்பியின் பின்னே ரப்பரும் வந்தன. காடு அழிந்து தோட்டமாயிற்று; தோட்டந்தோறும் லயங்கள் எழுந்தன; லயங்களில் தமிழர் குடியேற்றப்பட்டனர். தோட்டங்களினூடே வளைந்து வளைந்து சென்ற பழைய சாலை இன்றும் ‘பழைய கிள்ளான் சாலை’ என்ற பெயருடன் இருக்கிறது. இரண்டாம் உலகப்போருக்குப் பின்னர்த் தலைநகரில் நெரிசல் மிகுந்ததும், எஃபிங்ஹாம் என்னும் 1,200 ஏக்கர் ரப்பர்த் தோட்டத்தை எடுத்து 1950-களில் ஒரு துணைநகர் அமைத்தனர். அதுவே பெட்டாலிங் ஜெயா. அத்துணைநகரை ஊடறுத்து, 1950-களின் இறுதியிலிருந்து படிப்படியாக வளர்ந்ததே நாம் பேசவந்த நெடுஞ்சாலை.

தலைநகரிலிருந்து புறப்படுவோர் முதலிற் காண்பது எல்லையில் நிற்கும் பெருவளைவு. சிலாங்கூர் சுல்தான் 1974-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாளில் கோலாலம்பூரைக் கூட்டரசுக்கு அளித்ததன் நினைவாக 1982-இல் அவ்வளைவு எழுந்தது. ஒப்பமிட்ட பின்னர் சுல்தான் கண்ணீர் விட்டார் என்று சொல்வர். மன்னர் விட்ட கண்ணீருக்குக் கல்லில் ஒரு வளைவு இருக்கிறது. இச்சாலையோரத்தில் மற்றவர் விட்ட கண்ணீரும் உண்டு; அதைப் பற்றிப் பின்னர்க் கூறுவோம்.

நிற்க. இத்தகைய சாலைக்கு உயிர்நிலை யாதென்று கேட்டால், அதன் அகலமன்று, அதன் சந்திப்புகளே என்போம். இரு சாலைகள் ஒரு மட்டத்தில் குறுக்கிடும் இடத்தில் ஒருவர் நின்றே தீரவேண்டும், மற்றவர் செல்வார். விளக்கு மாறினால் முறை மாறும். ஆயினும் நிற்பவர் ஒருவர் எப்போதும் உண்டு. இந்த இடர்ப்பாட்டைத் தீர்க்க அமெரிக்க நாட்டு எஞ்சினியர் ஆர்தர் ஹேல் என்பார் 1916-ஆம் ஆண்டில் ஓர் அமைப்புக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். ஒரு சாலையை மற்றொன்றின் மேலே பாலமாகத் தூக்கிவிட்டு, திரும்ப வேண்டியவருக்கு நான்கு மூலைகளிலும் நான்கு வளையங்கள் இடுவது அவ்வமைப்பு. மேலிருந்து நோக்கின் நான்கிதழ்ப் பூப்போல் தோன்றும். நியூ ஜெர்சி மாநிலத்து வுட்பிரிட்ஜ் என்னும் ஊரில் 1929-இல் அமெரிக்காவின் முதற் சந்திப்பு இம்முறையில் எழுந்தது. வலப்புறம் செல்ல விரும்புபவர் இடப்புறமாய்ப் பிரிந்து, சுற்றி வந்து, தாம் கடக்க வேண்டிய சாலையின் மேலேறிச் செல்வது முதன்முறை காண்போருக்கு விந்தையாகவே இருக்கும். நம் நெடுஞ்சாலையிலும் சுங்கை வே, சுபாங், பத்து தீகா, ஷா ஆலம் முதலிய இடங்களில் பல்வகைச் சந்திப்புகள் உண்டு. உருவம் வேறாயினும் தத்துவம் ஒன்றே: எவரும் எவருக்காகவும் நிற்க வேண்டுவதில்லை.

இத்தத்துவத்தைக் கேட்ட மாத்திரத்தில் நம் நினைவு 1941-ஆம் ஆண்டுக்குச் செல்கிறது.

அவ்வாண்டு மார்ச்சு முதல் மே வரை கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் அவர்களுக்குத் துணை நின்றது, பத்திரிகையாளராகிய ஆர். எச். நாதன் முன்னின்றார். அவர்கள் கேட்டவை யாவை? சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி, பிள்ளைகளுக்கு நல்ல கல்வி, மருத்துவ வசதி, பெண்களின் மானத்துக்குப் பாதுகாப்பு, கள்ளுக்கடைகளை மூடுதல், சங்கம் கூடவும் பேசவும் உரிமை, பத்து மணி, பன்னிரண்டு மணி வேலையை ஒழித்தல், உற்றார் உறவினர் தோட்டத்துக்குள் வந்துபோக அனுமதி. இவற்றோடு இன்னுமொரு கோரிக்கை இருந்தது. துரையின் எதிரிலும் கிராணிமார் எதிரிலும் சைக்கிளை விட்டு இறங்காமல் ஏறியபடியே செல்ல அனுமதி வேண்டும் என்பதே அது.

இன்றைய இளைஞர்க்கு இக்கோரிக்கை நகைப்பை விளைக்கலாம். சைக்கிளில் ஏறிச் செல்வதற்கும் ஒரு போராட்டமா என்று கேட்பர். ஆம், போராட்டமே. தன் கூலியில் காசு காசாய்ச் சேர்த்து ஒருவன் சைக்கிள் வாங்குகிறான். எதிரே துரை வருகிறார், இறங்குகிறான். சற்றுத் தூரம் சென்றதும் கிராணி வருகிறார், மீண்டும் இறங்குகிறான். கிராணியோ பெரும்பாலும் அவனைப்போல் கடல் கடந்து வந்தவரே. அவனது மொழியோ அண்டை மொழியோ பேசுபவரே! வயிறு பசித்தவன் கூலி கேட்பது இயல்பு. கூலியோடு ஒரே மூச்சில் சைக்கிள் உரிமையையும் அவன் கேட்டானென்றால், வயிற்றுப் பசியினும் மானப் பசி அவனுக்குச் சிறிதாயிருக்கவில்லை என்பது தெளிவு. தெருவில் நடக்கும் உரிமைக்காக 1924-இல் வைக்கத்தில் பெரியார் சிறை புகுந்த செய்தியை நம் வாசகர் நன்கறிவர். அங்கே கோயிலைச் சுற்றிய தெரு. இங்கே தோட்டத்துச் செம்மண் பாதை. அங்கே தடுத்தது ஜாதி. இங்கே தடுத்தது முதலாளித்துவமும் நிறமும். பாதை எவருக்கு உரியது என்ற வழக்கு மட்டும் ஒன்றே.

அரசாங்கம் என்ன செய்தது? மே மாதத் தொடக்கத்தில் நாதனைக் கைதுசெய்தது. பின்னர் இந்தியாவுக்கு நாடுகடத்தியது. தொழிலாளர் கொதித்தெழுந்தனர். சிலாங்கூரில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டுப் படை அழைக்கப்பட்டது. வந்த சிப்பாய்களும் இந்தியரே! துப்பாக்கிச் சூட்டில் ஐவர் மாண்டனர். அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கித் தீபகற்பம் முழுதும் விரைந்து வந்தது எதில் என்று எண்ணுகிறீர்கள்? பெருவாரியாகச் சைக்கிளில். தமிழனைச் சைக்கிளினின்று இறக்கிய துரைமார், சைக்கிளில் வந்த படைக்கு அஞ்சித் தெற்கே ஓடினர். சரித்திரம் சில வேளைகளில் இப்படி விகடமும் செய்யும்.

மீண்டும் நம் நெடுஞ்சாலைக்கு வருவோம். பெட்டாலிங் ஜெயாவைக் கடந்தால் சுங்கை வே. 1971-இல் சட்டம் இயற்றி, அடுத்த ஆண்டளவில் இங்கே தடையற்ற வாணிப வட்டாரம் ஏற்படுத்தினர். அந்நிய நாட்டு மின்னணுத் தொழிற்சாலைகள் எழுந்தன. தோட்டத்தில் பால் வெட்டிய தாயின் மகள், தொழிற்சாலைப் பேருந்தில் ஏறி, முறை மாற்றி இரவும் பகலும் உழைக்கும் தொழிலாளியானாள். அவளைத் தன் காலில் நிற்கச் செய்ததில் இச்சாலைக்குப் பங்குண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. அருகிலேயே 1965 முதல் ஒரு பெரிய மதுவடிப்பாலையும் இருக்கிறது. கள்ளுக்கடையை மூடு என்று 1941-இல் கேட்டவரின் பேரர், வேலை முடிந்து அவ்வழியே வீடு திரும்புகின்றனர். அவர்களுள் எத்தனை பேர் பாட்டனின் கோரிக்கையை நினைக்கின்றனர் என்று நாம் கேட்கப் போவதில்லை. கேட்டால் நம்மைக் கிழவர் என்பர்.

சுபாங், பத்து தீகா, ஷா ஆலம் என்று பெயர்ப்பலகைகள் தொடர்கின்றன. பத்து தீகா என்றால் மூன்றாங்கல். அப்பால் வரும் சுங்கை ராசாவ் என்பதில் ராசாவ் நீரோரத்தில் வளரும் ஒரு தாழையினம். கல்லும் தாழையும் பலகையில் இடம்பெற்றன. தோட்டங்கள் எங்கே? சீஃபீல்டு தோட்டம் 1970-கள் முதல் சுபாங் ஜெயாவாயிற்று. சுங்கை ரெங்கம் தோட்டம் ஷா ஆலமாகி, 1978-இல் மாநிலத் தலைநகரமும் ஆயிற்று. கிளென்மேரி என்ற பெயர் மட்டும் நிலைத்துவிட்டது; கோல்ஃப் மைதானத்துக்கும் தொழிற்பேட்டைக்கும் அப்பெயர் எடுப்பாக இருந்தது போலும். ரப்பர் மரத்தினும் வீட்டுமனை அதிக விலை போகும் என்று கண்டதும் தோட்டங்கள் கைமாறின. சாலை வந்ததால் நிலம் விலையேறியது. நிலம் விலையேறியதால் லயம் இடிந்தது. மூன்று தலைமுறை உழைத்த குடும்பங்கள் பல, சொற்ப நஷ்டஈட்டோடு வெளியேறிப் புறம்போக்கில் குடிசை கட்டின. பின்னர் அடுக்குமாடிகளுக்கு மாறின. சாலையோரத்தில் சிந்தப்பட்ட மற்றக் கண்ணீர் என்று முன்னே நாம் குறித்தது இதனையே. அதற்கு வளைவு ஏதும் எழவில்லை.

இனிச் சொல்ல வேண்டியது மோட்டார் சைக்கிள் தடத்தைப் பற்றி. லயத்தைவிட்டு வெளியேறியவன் மகன் கார் வாங்கவில்லை. அவனால் இயன்றது மோட்டார் சைக்கிள். லாரிக்கும் காருக்கும் இடையே அகப்பட்டு இவ்வேழைகள் மாள்வதைக் கண்டு, 1970-களில் இந்நெடுஞ்சாலையோரமாகத் தனித் தடம் அமைத்தனர். இந்நாட்டில் அத்தகைய தடம் முதன்முதல் அமைந்தது இங்கேதான். 1990-களின் தொடக்கத்தில் அது ஷா ஆலம் பக்கம் நீட்டப்பட்ட பின், மோட்டார் சைக்கிள் விபத்துகள் மூன்றிலொரு பங்குக்கு மேல் குறைந்தன என ஆய்வாளர் கண்டனர். சைக்கிளில் ஏறிச் செல்வதே குற்றமாயிருந்த அதே வட்டாரத்தில், இரு சக்கரத்தானுக்கென்று அரசாங்கமே ஒரு வழி ஒதுக்கியதை நாம் சிறு செய்தியாகக் கருதவில்லை.

ஆயினும் அத்தடத்தில் ஒருமுறை சென்று பாருங்கள். சந்திப்பு வருமிடங்களில் கார் மேலே பறக்கிறது. இவனுடைய தடமோ கீழிறங்கிக் குறுகிய சுரங்கத்துள் நுழைந்து நெளிகிறது. மழையில் நீர் தேங்குகிறது என்றும், விளக்கு எரிவதில்லை என்றும், வழிப்பறி நிகழ்கிறது என்றும் முறையீடுகள் ஓயவில்லை. எவரும் எவருக்காகவும் நிற்க வேண்டாம் என்ற தத்துவத்தை எஞ்சினியர் நிறைவேற்றியபோது, யார் மேலே, யார் கீழே என்ற கேள்வியை யார் தீர்மானித்தார்? இன்றும் மலேசியச் சாலைகளில் உயிரிழப்போருள் பத்தில் ஆறு பேருக்குக் குறையாதவர் மோட்டார் சைக்கிளில் சென்றவரே. காரோட்டிகளுக்குத் துன்பமில்லை என்று நாம் சொல்லவில்லை. மாலை ஆறு மணிக்கு சுபாங்கருகே நின்று பார்த்தால், நிற்காமற் செல்லக் கட்டிய சாலையில் எல்லாரும் சமமாக நிற்பதைக் காணலாம்! பத்து தீகாவிலும் சுங்கை ராசாவிலும் இருந்த சுங்கச் சாவடிகள் 2018-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் ஒழிக்கப்பட்டன. அதனால் காசு மிஞ்சியது, நேரம் மிஞ்சவில்லை.

நடப்பவன் நிலை இன்னும் கடினம். ஊரை இரண்டாகப் பிளந்த இச்சாலையைக் கடக்க, முதியவளும் பிள்ளையைச் சுமந்தவளும் படியேறி நடைபாலத்தின் வழியே செல்லவேண்டும். 1995-இல் கொமுட்டர் மின்ரயிலும், 1998-இல் பெட்டாலிங் ஜெயா வழியே இலகு ரயிலும் ஓடத் தொடங்கிய பின், நிலையங்களை ஒட்டிய பாலங்களால் சிற்சில இடங்களில் இத்துன்பம் தணிந்தது. 1886-இல் ஈயம் ஏற்றிய பாதையில் இன்று தொழிலாளி அமர்ந்து செல்கிறான்.

தோட்டப் பெயர்களைப் பற்றி ஒன்று கூற மறந்தோமில்லை, இறுதிக்கென வைத்திருந்தோம். தமிழ்ப் பள்ளிகளில் அப்பெயர்கள் இன்னும் உயிரோடிருக்கின்றன. எஃபிங்ஹாம் தோட்டத்தில் ரப்பர் மரம் இல்லை. பண்டார் உத்தாமாவில் எஃபிங்ஹாம் தமிழ்ப் பள்ளி இருக்கிறது. சுபாங் ஜெயாவில் சீஃபீல்டு தோட்டத் தமிழ்ப் பள்ளி இருக்கிறது. ஷா ஆலமில் மிட்லண்ட்ஸ் தோட்டத் தமிழ்ப் பள்ளி இருக்கிறது. நெடுஞ்சாலையினின்று பிரிந்து, வளையம் சுற்றி, மாளிகைகளுக்கிடையே நாள்தோறும் காலையில் அவ்வாயில்களில் வந்து நிற்கும் மோட்டார் சைக்கிள்களின் பின்னிருக்கையிலிருந்து, புத்தகப் பை சுமந்த பிள்ளைகள் இறங்குகின்றனர்.