சேது நாட்டுக்கு ஒரு பத்திரிகை

இராமேசுவரம் போய் வந்தவர்கள் நம் வாசகர்களில் அநேகம் பேர் இருப்பார்கள். இராமநாதபுரம் போய் வந்தவர்கள் எத்தனை பேர்? ரயில் அந்த ஊரிலும் நிற்கத்தான் நிற்கிறது. நிற்கிற நேரத்தில் நாம் தூங்கிக் கொண்டிருப்போம்; விழித்திருந்தால், பாம்பன் பாலத்தைப் பார்க்க வசதியாக ஜன்னலோரத்து இடத்துக்குச் சண்டை போட்டுக் கொண்டிருப்போம். கடலும் கோயிலும் நம் கண்ணை முன்கூட்டியே பிடித்து வைத்துக் கொள்கின்றன. சேதுவுக்குப் போகிறவன் சேது நாட்டைக் காண்பதில்லை.

இது ரயில் வந்த பிறகு ஏற்பட்ட பழக்கம் என்று சொல்ல முடியாது. வண்டி கட்டிக் கொண்டும் கால்நடையாகவும் போன காலத்தில் சேதுபதிகள் வழி நெடுகச் சத்திரங்கள் கட்டி வைத்தார்கள். தஞ்சாவூர் சரபோஜி மன்னர் 1802-இல் ஒரத்தநாட்டில் முத்தம்பாள் சத்திரத்தை எழுப்பியதும் இந்த யாத்திரிகர்களை உத்தேசித்துத்தான். யாத்திரிகர்களுக்குச் சோறும் நிழலும் கிடைத்தன. ஊர் திரும்பிய பின் அவர்கள் இராமநாத சுவாமி கோயிலின் நீண்ட பிராகாரத்தைப் பற்றிப் பேசினார்கள். சோறு போட்ட ஊரைப் பற்றி என்ன பேசியிருப்பார்கள் என்பது, கல்யாணத்துக்குப் போய் வந்தவர்கள் சமையற்காரரைப் பற்றி எவ்வளவு பேசுவார்களோ அவ்வளவுதான்.

வழிப்போக்கன் பேசாவிட்டால் ஊர்க்காரன் பேச வேண்டும். அப்படிப் பேசுவதற்கு இக்காலத்தில் ஏற்பட்ட சாதனம் பத்திரிகை. சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் 'தண்ணியில்லாக் காடு' என்று அஞ்சிய இந்தச் சீமைதான் தமிழுக்கு இரண்டு அருமையான பத்திரிகைகளைத் தந்தது என்பது பலருக்கு வியப்பாயிருக்கும்.

முதலாவது 'செந்தமிழ்'. பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் இராமநாதபுரத்து அரச குடும்பத்தைச் சேர்ந்தவர். மதுரையில் சொற்பொழிவாற்ற வந்த இடத்தில், குறிப்புப் பார்க்கக் கம்பராமாயணமும் திருக்குறளும் கேட்டாராம். அவசரத்துக்கு ஒரு பிரதி அகப்படவில்லையாம். அந்த வருத்தமே சங்கமாயிற்று என்று சொல்வார்கள். 1901 செப்டம்பர் 14-ஆம் தேதி மதுரைத் தமிழ்ச் சங்கம் பிறந்தது. அதற்கு உறுதுணையாக நின்றவர் பாஸ்கர சேதுபதி. 1897 ஜனவரியில் விவேகானந்தர் பாம்பனில் கரையிறங்கியபோது எதிர்கொண்டழைத்த அதே மன்னர். மறு ஆண்டு 'செந்தமிழ்' தொடங்கிற்று. ரா. இராகவையங்கார் முதல் ஆசிரியர். அவருக்குப் பின் மு. இராகவையங்கார். இருவரும் சேது சமஸ்தானத்தின் ஆதரவில் வளர்ந்த புலவர்கள்.

செல்லரித்துக் கொண்டிருந்த சுவடிகளை அந்தப் பத்திரிகை அச்சில் ஏற்றிற்று. மன்னர்களின் காலத்தை ஆராய்ந்தது. மு. இராகவையங்கார் சேரன் செங்குட்டுவனின் பின்னே இமயம் வரை போனார். ரா. இராகவையங்கார் சேரர் தலைநகரான வஞ்சி கரூர்தான் என்று நிறுவ ஒரு நூலே எழுதினார். அன்று தமிழுக்கு அந்தத் தொண்டு அவசியமாயிருந்தது. குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் தேவிபட்டினத்துக் கடலில் நிற்கும் ஒன்பது கற்களுக்கும், கீழக்கரைச் சங்குக்கும் இவ்வளவு பெரிய புலவர்கள் இன்னும் கொஞ்சம் நேரம் ஒதுக்கியிருக்கக் கூடாதா என்ற ஆசை எனக்கு உண்டு.

இரண்டாவது 'குமரி மலர்'. அதை நடத்திய ஏ. கே. செட்டியார் கோட்டையூர்க்காரர். இன்று அவ்வூர் சிவகங்கை மாவட்டம். 1910-இல் ஏற்பட்டு 1985-இல் மூன்றாகப் பிரிந்த பழைய இராமநாதபுரம் ஜில்லாவைச் சேர்ந்தது. காந்தியடிகளைப் பற்றி யார் யாரோ எங்கெங்கோ எடுத்து வைத்திருந்த பிலிம் துண்டுகளைத் தேடி உலகைச் சுற்றி, 1940-இல் அவற்றை ஒரு முழுப் படமாக்கி வெளியிட்டவர் அவர். அதே கைதான் 1943-இல் 'குமரி மல'ரைத் தொடங்கிற்று. பழைய பத்திரிகைகளிலும் புத்தகங்களிலும் புதைந்து கிடந்த கட்டுரைகளையும் செய்திகளையும் தோண்டியெடுத்து அதில் மறுபடி அச்சிட்டார். அந்தக் காலத்து மனிதர்கள் ஊர் ஊராகப் போய்வந்து எழுதியவற்றைத் திரட்டி, 1968-இல் 'தமிழ்நாடு' என்று ஒரு தொகுப்பும் வெளியிட்டார். பெரிய மனிதர் எழுதினாரா, சாதாரண மனிதர் எழுதினாரா என்று அவர் பார்க்கவில்லை. கண்ணால் கண்டதை எழுதியிருக்கிறாரா என்றே பார்த்தார்.

இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதைத் தனுஷ்கோடியை நினைக்கும்போது உணர்கிறேன்.

1914-இல் பாம்பன் ரயில் பாலம் திறந்த பிறகு, சென்னை எழும்பூரில் டிக்கெட் வாங்கியவன் 'போட் மெயி'லில் தனுஷ்கோடி வந்து, கப்பலேறி, தலைமன்னாரில் மறுபடி ரயிலேறிக் கொழும்பு போனான். வியாபாரிகள் போனார்கள். தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகள் போனார்கள். நோய்நொடி உண்டா என்று பார்ப்பதற்காக அவர்களை மண்டபம் முகாமில் தங்க வைத்து அனுப்பினார்கள். 1983-க்குப் பின் இலங்கையிலிருந்து அகதிகள் வந்திறங்கியபோது அதே முகாம்தான் அவர்களுக்கும் கூரையாயிற்று. ஒரே இடத்தில் போக்கும் வரவும்! இதற்குமேல் ஒரு நாவலாசிரியனுக்கு என்ன வேண்டும்?

1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு புயலடித்தது. பாம்பனிலிருந்து போன ரயில் பிரயாணிகளோடு கடலுக்கு இரையாயிற்று. ஸ்டேஷன், தபாலாபீஸ், மாதா கோயில் எல்லாம் இடிந்த சுவர்களாயின. மனிதர் குடியிருக்கத் தகுதியற்ற இடம் என்று சர்க்கார் அறிவித்தார்கள். புயலைப் பற்றி அன்றும் எழுதினார்கள், இன்றும் எழுதுகிறார்கள். புயலுக்கு முந்திய வாரம் அந்த ஊர் எப்படியிருந்தது? கப்பல் தாமதமானால் பிரயாணிகள் எங்கே படுத்தார்கள்? குடிதண்ணீர் எங்கிருந்து வந்தது? அக்கரைக்குப் பெண் கொடுத்த குடும்பங்கள் கடிதத்துக்கு எத்தனை நாள் காத்திருந்தன? இவற்றை எழுதுவதற்குப் புலமை வேண்டாம். அங்கு குடியிருந்தவர்களைத் தேடிப் போய்க் கேட்கும் பொறுமை போதும். அன்று பத்து வயதுப் பிள்ளைகளாயிருந்தவர்கள் இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார்கள்.

பயணத்தையும் பண்பாட்டையும் கொண்டாடுகிற பத்திரிகைகள் இந்நாளில் பளபளப்பான காகிதத்தில் வருகின்றன. எங்கே தங்கலாம், எங்கே சாப்பிடலாம் என்று சொல்கின்றன. அதுவும் வேண்டியதே, சத்திரம் போன பிறகு சத்திரத்தின் விலாசத்தையாவது யாராவது சொல்ல வேண்டுமல்லவா? ஆனால் சேது நாட்டின் பெயரைச் சொல்லி ஒரு பத்திரிகை வந்தால், அதன் பக்கங்கள் இன்னும் கொஞ்சம் ஆழமாகத் தோண்ட வேண்டும் என்பேன்.

வைகை கடலோடு கலக்கும் இடத்துக்கருகே அழகன்குளத்தில் தொல்லியல் துறையினர் 1986 முதல் அகழ்ந்தபோது ரோமாபுரி நாணயங்கள் கிடைத்தன. பானை ஓடு ஒன்றும் கிடைத்தது; அதில் யாரோ ஒருவன் ஒரு கப்பலைக் கீறி வைத்திருக்கிறான். அரசன் ஆணையிட்டுச் செய்த வேலையாக எனக்குத் தோன்றவில்லை. வந்து நின்ற கப்பலைப் பார்த்த வியப்பில் கையில் அகப்பட்ட பானையில் கீறிவிட்டான். இராமநாதபுரம் அரண்மனையின் இராமலிங்க விலாசத்தில் இன்னொரு வகைக் காட்சி: தஞ்சை மராட்டியரோடு நடந்த போரும், சேதுபதியைக் காண வந்த ஐரோப்பியரும், இராமாயணமும் ஒரே மாளிகையின் சுவர்களில் வண்ணமாக நிற்கின்றன. அந்த ஊரிலேயே தாயுமானவர் சமாதி. கொஞ்ச தூரத்தில் கீழக்கரை. 'செத்தும் கொடுத்தான் சீதக்காதி' என்று ஊரெல்லாம் சொல்கிறோமே, அந்த வள்ளலின் ஊர். நம் வீட்டுச் சாம்பாரில் மிதக்கிற குண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதுவும் இந்தத் தண்ணியில்லாக் காட்டில் விளைந்ததுதான். பாம்பன் பக்கத்துக் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்களைப் பற்றி எழுதினால் ஒரு தொடர்கதைக்குக் காணும்.

2017-இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை போட்டார்கள். 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் ரயில் பாலம் திறந்தார்கள். ஆகவே போகிறவர்கள் தொகை இனிப் பெருகும். போகிறவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். இராமநாதபுரம் ஸ்டேஷனில் இறங்குங்கள். ஒரு நாள் தங்குங்கள். ஒரு வயோதிகரிடம் பேச்சுக் கொடுங்கள். அவர் சொல்வதைத் தேதி போட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். அதை அச்சிடப் பத்திரிகை பின்னால் வரட்டும். அவர் காத்திருக்க மாட்டார்.