பிறர் ஆட்டத்தைக் காணும் கண்: கொல்கத்தாவின் விளையாட்டு நூல்களை முன்வைத்து

ஹாக்கி வீரர் தியான் சந்தின் தன்வரலாறான ‘கோல்’ 1952-இல் சென்னையிலிருந்து வெளிவந்தது. அதை வெளியிட்டது ‘ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம்’ என்ற விளையாட்டு வார இதழ். 1928, 1932, 1936 ஆகிய மூன்று ஒலிம்பிக் போட்டிகளில் தங்கம் வென்றவர் அவர். பெர்லின் இறுதியாட்டத்தில் ஜெர்மனியை 8-1 என்று வீழ்த்திய அணிக்குத் தலைவர். ஆனால் தாம் ஆடியவற்றுள் சிறந்த ஆட்டம் எது என்பதற்கு அந்நூலில் அவர் தரும் விடை பெர்லின் இல்லை. 1933-இல் கொல்கத்தாவில் நடந்த பெய்ட்டன் கோப்பை இறுதியாட்டம். ஜான்சி ஹீரோஸ் என்னும் தம் ஊர்க் குழுவுக்காக, பலம் வாய்ந்த கல்கத்தா கஸ்டம்ஸ் அணியை எதிர்த்து அவர் ஆடினார். அந்த ஆட்டத்தில் விழுந்தது ஒரே ஒரு கோல். அதை அடித்தவர் இஸ்மாயில். நடுக்களத்திலிருந்து நெடுந்தூரப் பந்தை அவருக்கு அனுப்பியதுதான் தியான் சந்தின் பங்கு. இஸ்மாயில் பாதி மைதானத்தை ஓடிக் கடந்ததையும், எதிரணித் தடுப்பாளருக்கும் கோல்காப்பாளருக்கும் இடையே நேர்ந்த ஒரு நொடிக் குழப்பத்தை அவர் பயன்படுத்திக்கொண்டதையும் தியான் சந்த் வியந்து எழுதுகிறார். கோல் அடிப்பதற்கென்றே பெயர் பெற்றவர், தாம் கோல் அடிக்காத ஆட்டத்தைத் தலையாயதாகத் தேர்ந்திருக்கிறார்.

விளையாட்டு நூல்களை மதிப்பிட இதிலிருந்து ஓர் அளவுகோலைப் பெறலாம் என்பது என் வாதம். படிக்கத் தகுந்த விளையாட்டு நூல்கள் என்று நம்மிடம் உலவும் பட்டியல்கள் பெரும்பாலும் எழுதியவரின் புகழைப் பின்பற்றுகின்றன. ஆட்டக்காரர் பெரியவர் என்றால் அவருடைய நூலும் பெரிது என்று கொள்கின்றன. நூல் பிறருடைய ஆட்டத்தை எவ்வளவு கூர்ந்து பார்க்கிறது, தோல்வியை எவ்வளவு நேரம் தன் கையில் வைத்திருக்கிறது என்ற இரு கேள்விகளை எழுப்பினால் அந்த வரிசை வெகுவாக மாறிவிடும். இந்த இரு கேள்விகளுக்கும் இந்தியாவில் மிகச் செறிவான விடை கொல்கத்தாவில் கிடைக்கிறது. அந்த விடையைத் தந்தவர்களுள் முதன்மையானவர்கள் சாம்பியன்கள் அல்லர். மைதான் எனப்படும் திறந்த புல்வெளியின் ஓரத்திலும் ஈடன் கார்டன்ஸ் படிக்கட்டுகளிலும் அமர்ந்து பார்த்தவர்கள்.

முதலில் சாம்பியன்களின் நூல்கள். சௌரவ் கங்குலியின் ‘எ செஞ்சுரி இஸ் நாட் இனஃப்’ 2018-இல் வந்தது. உடன் எழுதியவர் கொல்கத்தாப் பத்திரிகையாளர் கௌதம் பட்டாச்சார்யா. சச்சின் டெண்டுல்கரின் ‘ப்ளேயிங் இட் மை வே’ 2014-இல் வந்தது. அதன் உடனாசிரியர் போரியா மஜும்தாரும் கொல்கத்தாக்காரரே. இவ்விரண்டையும் குறைத்துப் பேச வேண்டியதில்லை. 2005-இல் அணியிலிருந்து நீக்கப்பட்டு, 2006 டிசம்பரில் ஜோகன்னஸ்பர்க் டெஸ்டில் மீண்டு வந்த காலத்தைக் கங்குலி மனம்விட்டுச் சொல்கிறார். துர்கா பூஜையின் கடைசி நாளில் சீக்கியர் வேடமிட்டுப் பாபுகாட்டில் சிலை கரைக்கப்படுவதைப் பார்க்கப் போனதையும், காவல் அதிகாரி ஒருவர் கார்ச் சன்னல் வழியே தம்மைக் கண்டுகொண்டதையும் அவர் விவரிக்கும் இடம் நன்றாக இருக்கிறது; தம் ஊரில் சாதாரண மனிதனாக நடக்க முடியாத ஒருவரின் ஏக்கம் அதில் தெரிகிறது. எனினும் அவருடைய நூலில் தோல்வி எப்போதும் மீட்சிக்கு முந்தைய அத்தியாயமாகவே அமைகிறது. தோற்றவர் தோற்றவராகவே நிற்கும் பக்கம் அதில் அரிது. டெண்டுல்கரின் நூலோ 2000-இல் இந்திய கிரிக்கெட்டை உலுக்கிய சூதாட்ட விவகாரத்தைப் பற்றி ஏறக்குறைய வாய் திறக்காமல் கடந்துபோகிறது. நாட்டின் ஒவ்வொரு தேநீர்க் கடையிலும் பேசப்பட்ட ஒன்றை, உடைமாற்றும் அறைக்குள் இருந்தவர் எழுதவில்லை. எழுதுபவரின் பெயருக்கும் உறவுகளுக்கும் ஒப்பந்தங்களுக்கும் பங்கம் வராமல் எழுத வேண்டிய நிலை இன்றைய தன்வரலாற்றின் உள்ளமைப்பிலேயே இருக்கிறது. இதைத் தனிமனிதக் குறையாக மட்டும் பார்ப்பது நியாயமாகாது.

முந்தைய தலைமுறையில் நிலை சற்று வேறாக இருந்தது. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற கால்பந்து அணியின் தலைவர் சுனி கோஸ்வாமி, தம் நினைவுகளை ‘கேல்தே கேல்தே’ என்று வங்காளத்திலேயே எழுதினார். ஆடிய மொழியில் எழுதும்போது, தம்மைத் திட்டியும் தோளில் தூக்கியும் திரிந்த அதே ரசிகர்களிடம் ஆட்டக்காரர் பேசுகிறார்.

வங்காளத்தில் எழுதும் இந்த மரபின் உச்சமாக நான் கருதுவது மோதி நந்தியை. 1931-இல் வட கொல்கத்தாவில் பிறந்தவர்; ஆனந்தபஜார் பத்திரிகையின் விளையாட்டுப் பகுதியை நடத்தியவர்; 2010-இல் மறைந்தார். 1970-களில் அவர் எழுதிய ‘ஸ்ட்ரைக்கர்’, ‘ஸ்டாப்பர்’, ‘கோனி’ ஆகிய மூன்று நாவல்களும் இளையோருக்கென்று எழுதப்பட்டவை. அவற்றில் உள்ள அளவுக்குப் பசியும் கிளப் அரசியலும் அக்காலத்து எந்த ஆட்டக்காரரின் தன்வரலாற்றிலும் இடம்பெறவில்லை என்றே சொல்வேன். ‘ஸ்ட்ரைக்கர்’ நாவலின் நாயகன் பிரசூனின் தந்தையும் ஒரு காலத்தில் கால்பந்து ஆடியவர். ஷீல்டு என்னும் கால்பந்துக் கோப்பையின் இறுதியாட்டத்தை விட்டுக்கொடுத்தார் என்ற பழியை வாழ்நாள் முழுதும் சுமந்து வீட்டில் மௌனமாக இருக்கிறார். அவர் வேலை பார்க்கும் தொழிற்சாலையும் மூடிக் கிடக்கிறது. ‘ஸ்டாப்பர்’ நாவலின் கமல் குஹா, நாற்பதை நெருங்கும் தடுப்பாட்டக்காரர். வங்கி வேலைக்கும் சிறிய கிளப் ஒன்றுக்கும் நடுவே, முழங்கால் ஒத்துழைக்காத நிலையில், தம்மை ஒரு காலத்தில் அவமதித்த பெரிய கிளப்பை எதிர்த்துக் கடைசியாக ஒரு முறை களமிறங்குகிறார். மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்னும் இரு பெரிய கால்பந்துக் கிளப்புகள் ஊரை இரண்டாகப் பிரித்து வைத்திருந்த காலத்தில், லீக் பட்டியலின் அடிமட்டத்தில் கிடந்து தவித்த கிளப்பின் கதையைச் சொல்ல ஒருவர் துணிந்தது சாதாரணச் செய்தியன்று.

‘கோனி’யில் ஒரு பகுதியைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். கங்கைக் கரைச் சேரிச் சிறுமி கோனியை நீச்சல் வீராங்கனையாக்க உறுதி பூண்டவர் க்ஷிதீஷ் சிங்ஹா. தம் பழைய கிளப்பிலிருந்து சக பயிற்சியாளர்களாலும் மாணவர்களாலும் ஓரங்கட்டி வெளியேற்றப்பட்டவர் அவர். கூடுதல் நேரம் நீந்தினால் முட்டையும் வாழைப்பழமும் ரொட்டியும் தருவதாக அவர் ஆசை காட்டுகிறார். அந்த உணவுக்குப் பதிலாகக் காசு தரும்படி கேட்கிறாள் கோனி. வீட்டில் அரிசி இல்லை. உடலை வளர்க்க வேண்டிய புரதம், அண்ணனும் அம்மாவும் சாப்பிடும் சோறாக மாற வேண்டியிருக்கிறது. பயிற்சியாளரின் கணக்கு, வீட்டின் கணக்கோடு மோதும் அந்த இடத்தில் விளையாட்டு அறிவியல், வறுமை, மானம் என்ற மூன்றும் ஒரு சிறு பேரத்துக்குள் அடங்கிவிடுகின்றன. கோனியின் அண்ணன் காசநோயில் இறக்கிறான். தானும் நீச்சல்காரனாக வேண்டும் என்று ஆசைப்பட்டவன் அவன். நாவலின் முடிவு சென்னையில் நடக்கிறது. தேசிய நீச்சல் போட்டிக்கு அழைத்து வரப்பட்ட கோனி, கிளப் பகையினால் தனிநபர்ப் போட்டிகளில் இறக்கப்படாமல் பார்வையாளராகவே உட்கார வைக்கப்படுகிறாள். இன்னொருத்திக்கு உடல்நலம் கெட்ட பிறகுதான் தொடர் நீச்சலில் அவளுக்கு இடம் கிடைக்கிறது. திறமை ஒன்றே போதும் என்ற சாம்பியன் நூல்களின் நம்பிக்கைக்கு இதைவிட நேர்மையான மறுப்பு இல்லை. மேற்கு வங்கத்தில் பத்தாம் வகுப்புத் துணைப்பாடமாக இந்நாவல் படிக்கப்படுகிறது. அங்குள்ள பதின்வயதினருக்கு நீச்சல் தெரியாவிட்டாலும், கோனி ‘க்ஷித்தா’ என்று அழைக்கும் க்ஷிதீஷைத் தெரியும். 1984-இல் திரைப்படமானபோது அவராக நடித்தவர் சௌமித்ர சட்டர்ஜி.

மோதி நந்தியின் கண் கால்பந்துத் திடலின் சேற்றில் பதிந்தது என்றால், சங்கரிபிரசாத் பாசுவின் கண் ஈடனின் குளிர்காலப் பகலில் பதிந்தது. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் வங்க இலக்கியம் கற்பித்தவர். வைணவப் பதங்களிலும் விவேகானந்தர் ஆய்விலும் ஆழங்கால்பட்டவர். விவேகானந்தர் காலத்து இந்தியாவைப் பற்றிய அவருடைய பெருநூல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அதே பேனா ‘ஈடனே ஷீதேர் துபுர்’, ‘லால் பல் லார்வுட்’ போன்ற கிரிக்கெட் நூல்களையும் எழுதியது. ஆங்கிலக் கிரிக்கெட் எழுத்தாளர் நெவில் கார்டஸின் வழியில் வந்தவர் என்று அவரைச் சொல்வது வழக்கம். அது பாதி உண்மைதான். பக்திப் பாடல்களில் நாயகனின் நடை, பார்வை, தாமதம் ஆகியவற்றை வரி வரியாகப் பிரித்துப் படித்துப் பழகியவர், மட்டையாளர் ஒருவர் முன்காலை எடுத்து வைப்பதையும் அதே பொறுமையுடன் பார்த்தார். ஓட்ட எண்ணிக்கை நினைவில் நிற்காத ஒரு நாளைக்கூடச் சுவை குன்றாமல் திரும்பக் கட்டித்தர அவரால் முடிந்தது அதனால்தான்.

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பார்த்தவரின் எழுத்து எவ்வளவு நுட்பமானாலும் அது ஆடியவரின் சாட்சியம் ஆகாது. மேலும், பார்த்தவர்களும் ஒரு குறிப்பிட்ட வட்டத்தைச் சேர்ந்தவர்கள். கொல்கத்தாவின் விளையாட்டு எழுத்து பெரும்பாலும் படித்த, உயர்சாதி இந்து நடுத்தர வர்க்கத்தின் கண். 1911 ஜூலை 29-இல் ஈஸ்ட் யார்க்ஷயர் படைப்பிரிவு அணியை 2-1 என வென்று மோகன் பகான் ஐ.எஃப்.ஏ. ஷீல்டைப் பெற்றது அந்த எழுத்தில் ஒரு புராணமாகவே நிலைத்துவிட்டது. 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் கல்கத்தா லீகை வென்ற முகமதன் ஸ்போர்ட்டிங், அந்த லீகை முதன்முதலில் வென்ற இந்திய கிளப் என்ற பெருமைக்குரியது. அதற்கு அதே அளவு பக்கங்கள் கிடைக்கவில்லை. 1949 முதல் 1951 வரை மூன்று முறை தொடர்ந்து ஷீல்டை வென்ற ஈஸ்ட் பெங்கால் அணியின் முன்வரிசையில் ஆடிய அகமது கான், அப்பாராவ், வெங்கடேஷ், சாலே, தன்ராஜ் ஆகிய ஐவரும் தென்னாட்டவர்கள். ‘பஞ்ச பாண்டவர்’ என்று வங்காளிகள் அவர்களைக் கொண்டாடினார்கள். கொண்டாட்டப் பெயர் கிடைத்த அளவுக்கு, மொழி தெரியாத ஊரில் அவர்கள் வாழ்ந்த வாழ்க்கைக்கு எழுத்தில் இடம் கிடைக்கவில்லை.

இந்த மறுப்பை நான் ஏற்கிறேன். ஆனால் அதனால் அளவுகோல் உடைவதில்லை. அந்த அளவுகோலுக்கு ஈடுகொடுக்கும் தன்வரலாறு எது என்று தேடத்தான் இம்மறுப்பு நம்மை அனுப்புகிறது. அத்தகைய ஒன்று ஜெய்பால் சிங் முண்டாவின் ‘லோ பிர் செந்த்ரா’. சோட்டாநாக்பூர் ஆதிவாசிச் சிறுவனாகப் பிறந்து, ஆக்ஸ்ஃபோர்டில் படித்து, 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்திய ஹாக்கி அணிக்குத் தலைமை ஏற்றவர். ஹாக்கிக்காக ஐ.சி.எஸ். பதவியை இழந்தவர். அணி தங்கம் வென்ற இறுதியாட்டத்தில் அவர் ஆடவில்லை; கருத்து வேறுபாட்டால் அதற்குள் விலகிவிட்டார். பிறகு கொல்கத்தாவில் பணிபுரிந்த காலத்தில் மோகன் பகானின் ஹாக்கி அணியை உருவாக்கினார். பின்னாளில் அரசியல் நிர்ணய சபையில் ஆதிவாசிகளின் குரலாக நின்றார். 1970-இல் அவர் இறந்த பின், 2004-இல்தான் அந்நூல் அச்சேறியது. தங்கத்தின் தலைவராக இருந்தும் தங்க நாளில் களத்தில் இல்லாத ஒருவரின் நினைவுகள் என்ற வகையில் அதற்கு நிகர் இந்திய விளையாட்டு எழுத்தில் இல்லை. வெற்றியை விளிம்பிலிருந்து பார்க்க நேர்ந்தவரே அதன் விலையைச் சரியாக எழுத முடியும் என்பதற்கு அது சான்று.

தமிழுக்கு இதில் என்ன இருக்கிறது? சி.சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’ 1959-லேயே, தந்தையைக் கொன்ற காளையின் முன் நிற்கும் பிச்சியையும், காளையை இழக்கும் ஜமீன்தாரின் மானத்தையும் ஒரே கண்ணால் பார்த்துவிட்டது. இரு தரப்பையும் சேர்த்துப் பார்க்கும் அந்தக் கலை நம்மிடம் இல்லாமல் இல்லை. ஆனால் விசுவநாதன் ஆனந்தின் ‘மைண்ட் மாஸ்டர்’ 2019-லும், அஸ்வினின் ‘ஐ ஹேவ் த ஸ்ட்ரீட்ஸ்’ 2024-லும் ஆங்கிலத்திலேயே முதலில் எழுதப்பட்டன. சென்னைத் தெருக் கிரிக்கெட்டை அவ்வளவு வாஞ்சையோடு நினைவுகூரும் அஸ்வினின் நூல் அந்தத் தெருவின் மொழியில் பிறந்திருந்தால், அதில் வரும் அண்ணன்களும் அதைப் படித்து அவரோடு வாதாடியிருப்பார்கள். வியாசர்பாடியின் கால்பந்துத் திடல்களிலும் வடசென்னையின் கேரம் மன்றங்களிலும் வளர்ந்தவர்களின் வாழ்க்கை, கோனியின் வாழ்க்கைக்குச் சற்றும் குறையாத பொருள் உடையது. அங்கே மாலையில் பயிற்சி கொடுப்பவர்களிடம், யார் யார் எந்த வயதில் ஆட்டத்தை விட்டு வேலைக்குப் போனார்கள், யாருக்கு ஷூ வாங்கக் காசில்லை, எந்தத் தேர்வுக் குழு யாரை ஒதுக்கியது என்ற விவரங்கள் முழுதாக இருக்கின்றன. அவர்களிடம் உட்கார்ந்து கேட்டு, கேட்டதைத் தமிழில் எழுத வேண்டிய வேலை விளையாட்டுப் பத்திரிகையாளர்களுக்கும் நாவலாசிரியர்களுக்கும் காத்திருக்கிறது. அதற்கான முறையியலை மோதி நந்தி ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே செய்து காட்டியிருக்கிறார்.