பாண்டிச்சேரியிலேயே தங்கிவிட்ட சுறா

வல்லத்தில் கடல் இல்லை. செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடையில் வயலும் பாறைக்குன்றுமாகக் கிடக்கிற ஊர். எங்கள் ஊர்ப்பெயரில் இருப்பது லகரம். கடலில் போகிற வள்ளத்தில் இருப்பது ளகரம். இரண்டையும் ஒன்றாக்கி, ஒரு காலத்தில் இங்கே படகு வந்து நின்றது என்று யாராவது கதை கட்டினால் நம்ப வேண்டாம். ஓசை ஒத்துப்போவதாலேயே சொற்கள் உறவாகிவிடுவதில்லை.

கடல் வராத ஊருக்கு மீன் மொபெட்டில் வருகிறது, மரக்காணத்திலிருந்து, தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு. சென்ற மாதம் அந்தப் பெட்டியில் முழங்கை நீளத்தில் ஒரு சுறா கிடந்தது. துடுப்புகளின் நுனியில் கறுப்பு. "இது என்ன சுறா அண்ணே?" என்றேன். "குட்டிச்சுறாதான்" என்றார். பெரிதானால் என்ன பெயர் என்று கேட்டதற்குச் சிரித்தார். இந்தக் கட்டுரை அங்கே தொடங்கியது.

சுறா பழஞ்சொல். சுறவு, சுறவம் என்றும் வரும். மலையாளத்தில் ஸ்ராவு, தெலுங்கில் சொர. வடமொழி மகரத்துக்குத் தமிழர் நிறுத்திய சொல்லும் இதுவே. காமன் கொடி சுறவக்கொடி ஆனதும், தனித்தமிழ் நாட்காட்டிகளில் தை மாதம் சுறவம் ஆனதும் அந்த வழியில்தான். பொங்கல் வைக்கிற மாதத்தின் பெயருக்குள் ஒரு சுறா நீந்துவதை நம்மில் பலர் கவனிப்பதில்லை.

தொல்காப்பிய மரபியலில் என்னை நிறுத்திவைக்கிற ஓரிடம் உண்டு. காளைக்குச் சொல்லும் 'ஏறு' என்ற ஆண்பாற்பெயர் கடலில் வாழும் சுறாவுக்கும் உரியது என்கிறது அது. வஞ்சிரத்தையோ சங்கராவையோ கையில் எடுத்தால் ஆணா பெண்ணா என்று வெளியிலிருந்து சொல்வது கடினம். சுறாவில் அப்படியில்லை. ஆண் சுறாவின் அடிவயிற்றுத் துடுப்புகளின் உட்புறம் விரல்போல இரண்டு உறுப்புகள் நீண்டிருக்கும். விந்தைப் பெண்ணின் உடலுக்குள் செலுத்துவதற்கானவை அவை. பல சுறாக்கள் முட்டையிடாமல் குட்டி போடுகின்றன. சிலவற்றில் நஞ்சுக்கொடியே உண்டு. கரைக்கு வந்த சுறாவைப் புரட்டிப் பார்த்த யாரோ சொன்ன சொல்தான் இலக்கணத்துக்குள் ஏறியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். இலக்கணக்காரர்கள் மட்டும் உட்கார்ந்து யோசித்தால் அந்த ஏறு கிடைத்திருக்காது.

பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் சுறவின் கொம்பை நட்டு வழிபடுகிறார்கள். அது வாள்போன்ற மூக்குடைய மீன். மீனவர் வழக்கில் வேளா. செவுள் பிளவுகள் உடலின் அடிப்பக்கம் இருப்பதால் இன்றைய விலங்கியல் அதைத் திருக்கைகளோடு சேர்க்கிறது. அதற்காகச் சங்கப்புலவரைத் திருத்தத் தேவையில்லை. அவர்களுடைய 'சுறவு' இன்றைய வகைப்பாட்டைவிட அகலமான வீடு.

வேர் எது? சொறி என்றால் சொரசொரப்பு. சுறாவின் தோலில் தலையிலிருந்து வால் நோக்கித் தடவினால் கை வழுக்கும். எதிர்த்துத் தடவினால் அரம்போல் அறுக்கும். தோலை மூடியிருக்கும் நுண்செதில்கள் பல்லின் அமைப்பிலேயே ஆனவை. மரத்தை இழைக்கச் சுறாத்தோல் பயன்பட்டது இதனால்தான். கிரேக்கத்தில் 'ரினே' என்ற ஒரே சொல் அரத்தையும் ஒரு சுறா இனத்தையும் குறித்தது. ஆகவே சுறாவையும் சொறியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு ஆசையுண்டு. ஆசையைச் சான்றென்று எழுத மாட்டேன். 'ஷார்க்' நம் சுறாவிலிருந்து போனது என்று அடிக்கடி சொல்கிறார்களே, அதை ஒப்புக்கொள்ளவே முடியாது. 16ஆம் நூற்றாண்டில் அட்லாண்டிக் கடலோடிகளின் வாயிலாக லண்டனுக்குப் போன சொல் அது.

சுறா உண்மையிலேயே கடல் கடந்தது வேறு வழியில். கண்ணாடி விரியனின் ஆங்கிலப் பெயரில் இருக்கும் பேட்ரிக் ரஸ்ஸல், கிழக்கிந்தியக் கம்பெனிக்காக இக்கரையில் வேலை பார்த்தவர். விசாகப்பட்டினத்தில் சேகரித்த 200 மீன்களைப் பற்றி 1803இல் அவர் வெளியிட்ட நூலில் மீன்களுக்கு உள்ளூர்ப் பெயர்களையே கொடுத்தார். அங்கிருந்து எடுத்து ஐரோப்பியர் லத்தீனாக்கியதுதான் 'சொரக்கோவா'. இந்தியக் கல்லூரிகளில் விலங்கியல் மாணவர்கள் தலைமுறை தலைமுறையாக ஸ்கோலியோடான் சொரக்கோவாவை அறுத்துப் படித்தார்கள். ஸ்கோலியோடானின் உடலமைப்பை முழுதாக விளக்கும் நூலை 1928இல் எழுதியவர் லக்னோவில் பேராசிரியராக இருந்த தமிழ்ப்பெண், ஈவாஞ்சலின் முத்தம்மாள் தில்லையம்பலம். அந்தப் பெயர் பாடநூல்களுக்கு வெளியே அறியப்படாமல் போனது எனக்கு வருத்தம்.

1839இல் பெர்லினில் ம்யுல்லர், ஹென்லே என்ற இருவர் சுறா, திருக்கை இனங்களுக்கு எழுதிய பெருநூலில் இன்னொரு சுறாவுக்கு 'சொரா' என்றே பெயர் வைத்தார்கள். கார்காரினஸ் சொரா என்று இன்றும் அதுதான் பெயர். சோழமண்டலக் கரையில் எல்லாச் சுறாவுக்கும் பொதுவான சொல், உலக அறிவியலில் ஒரே ஓர் இனத்தின் தனிப்பெயராகிவிட்டது.

பால்சுறாவின் பயணம் இன்னும் அழகு. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற வேண்டுமென்று சுறாப்புட்டு செய்து கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். வல்லத்திலும் வீட்டுக்கு வீடு தெரியும். ஆங்கிலத்தில் அந்தச் சுறாவுக்கு 'மில்க் ஷார்க்' என்று பெயர் வந்ததும் இந்த நம்பிக்கையால்தான். நம் பாட்டிமாரின் கைமருத்துவம் ஆங்கில அகராதிக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது.

அதே 1839 நூலில்தான் இன்னொரு சுறாவும் பெயர் பெற்றது. புதுச்சேரிக் கடலில் கிடைத்தது. 'ஹெமியோடான்' என்றார்கள், பாதிப்பல் என்று பொருள். மேற்பல்லின் அடிப்பகுதி ரம்பம்போல் இருக்க, நுனி வழவழப்பாக இருந்ததே காரணம். பொதுப்பெயர் 'பாண்டிச்சேரி ஷார்க்'. நகரம் 2006இல் அதிகாரபூர்வமாகப் புதுச்சேரி ஆயிற்று. சுறா மட்டும் பாண்டிச்சேரியிலேயே தங்கிவிட்டது.

தங்கிவிட்டது என்று சொல்வதும் பெயரளவில்தான். உலக அருங்காட்சியகங்கள் அனைத்திலும் சேர்த்து இந்தச் சுறாவின் உடல்கள் சுமார் இருபதுதான். உறுதியான கடைசிப் பதிவு 1979, இந்தியக் கடலில். அழியும் விளிம்பில் உள்ளது, ஒருவேளை அழிந்தே போயிருக்கலாம் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் குறித்திருக்கிறது. 2001இல் இந்தியாவின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம் பெற்றது. சுறாக்கள் மெல்ல வளர்ந்து, பல ஆண்டுகள் கழித்துப் பருவமடைந்து, ஈற்றுக்குச் சில குட்டிகளே போடுபவை. கரையோரத்திலேயே வாழ்கிற ஓர் இனத்தின்மேல் நாள்தோறும் வலை விழுந்தால் அந்தக் கணக்கு தாங்காது. பீலி வியாபாரம் வேறு. 'பீலி' என்று சங்கநூல்கள் மயிலிறகைச் சொன்ன சொல்லால் நம் கரையில் சுறாவின் துடுப்பைச் சொல்கிறார்கள். அதன் ஏற்றுமதியை இந்தியா 2015இல் தடை செய்தது.

எனக்கு உறுத்துவது பெயர். சட்டத்தில் இருப்பது கிரேக்கமும் லத்தீனும். செய்தித்தாளில் வருவது ஆங்கிலத்தின் மொழிபெயர்ப்பு. ரஸ்ஸல் விசாகப்பட்டினத்தில் வலைக்காரரிடம் கேட்டு எழுதிக்கொண்டதுபோல, இந்தச் சுறாவுக்குக் கரையில் என்ன பெயர் என்று கேட்டு எழுதியிருந்தால் இன்று மரக்காணத்திலும் கோட்டக்குப்பத்திலும் அந்தச் சொல்லைச் சொல்லியே தேடலாம். கொம்பன்சுறா, பால்சுறா, புலிச்சுறா என்று இத்தனை நுணுக்கமாகப் பிரித்துப் பார்த்த கண்கள் கரைக்குப் பக்கத்திலேயே திரிந்த ஒன்றைப் பெயரில்லாமலா விட்டிருக்கும்?

பெட்டியில் கிடந்தது அந்தச் சுறா என்று நான் சொல்லவில்லை. துடுப்பு நுனி கறுத்த இனங்கள் நம் கடலில் பல. பழைய ஓவியம் ஒன்றைக் கைப்பேசியில் காட்டினேன். மீன்காரர் ஈரக்கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இதை எனக்கு அனுப்பி வைங்கண்ணே. எங்க மாமனார் அம்பது வருசம் வலை போட்டவரு. அவருகிட்ட வேற பேரு இருக்கும்."

அங்கேயே நின்று அனுப்பினேன்.