மூன்று பைட் கூடினால் என்ன ஆகும்?

பதிவு கொஞ்சம் நீளம். கம்ப்யூட்டர் விஷயம் என்று தள்ளிவிட்டுப் போய்விடாதீர்கள். கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும்.

போன மாதம் நம்ம ஊர்க் கல்யாணம் ஒன்றில் பழைய மாணவர் ஒருவரைப் பார்த்தேன். பெயர் வேண்டாம். எட்டாம் வகுப்பு வரை என்னிடம் படித்தவர், இப்போது பெங்களூரில் நெட்வொர்க் வேலை. "சார், அந்த அறுநூறு ரூபாய் ஞாபகம் இருக்கா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

2000ஆம் வருஷம். விருதுநகரில் பிரவுசிங் சென்டர்கள் வந்த புதிது. அப்போது அவன் பிளஸ் ஒன். ஒருநாள் கடைக்காரர் அவனை என் வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டார். "ஏதோ தட்டினான் சார், நாலு மிஷினும் நீலமாகி நின்னுபோச்சு. உடைச்சுட்டான்" என்றார். நான் பையனிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. அவன் அப்பாவுக்குச் சொல்லி அனுப்பினேன். பட்டாசு ஆபீஸில் கூலி வேலை பார்த்தவர். ரிப்பேர் செலவு என்று அறுநூறு ரூபாய் எண்ணி வைத்துவிட்டுப் பேசாமல் போனார்.

அன்று அந்த மிஷின்களுக்கு என்ன ஆனது என்று எனக்கு இப்போதுதான் புரிந்தது. கல்யாண மண்டபத்தில் அவரும், பிறகு வீட்டுக்கு வந்த என் தம்பி மகளும் சொன்னதை நோட்டில் எழுதி, தேதிகளைச் சரிபார்த்துத் தருகிறேன்.

நெட்டில் எந்தச் செய்தியும் முழுசாகப் போவதில்லை. பொட்டலம் பொட்டலமாகப் போகும். பெரிய பொட்டலமாக இருந்தால் அதையும் துண்டு போட்டு அனுப்புவார்கள். ஒவ்வொரு துண்டின் மேலும் "நான் இந்த இடத்தில் ஒட்டவேண்டியவன்" என்று எழுதியிருக்கும். வாங்குகிற மிஷின் ஒட்டிக்கொள்ளும். இந்த விதிகள் 1981 செப்டம்பரில் வெளியானவை. மொத்த நீளத்தை எழுத 16 கட்டம்தான் ஒதுக்கினார்கள். கட்டத்துக்கு 0 அல்லது 1. ஆகவே ஒரு பொட்டலத்தின் உச்ச அளவு 65,535 பைட். அதற்கு மேல் விதிப்படி கிடையாது.

இப்போது கரும்பலகைக்கு வாருங்கள். "இருக்கிறாயா?" என்று ஒரு மிஷின் இன்னொன்றைக் கேட்பதற்கு 'பிங்' என்று ஒரு கட்டளை. எத்தனை பைட் சரக்கோடு கேட்பது என்று நாமே சொல்லலாம். விண்டோஸ் 95இல் 65,510 என்று கொடுத்தால் தடுக்காமல் அனுப்பிவிடும். அதோடு பிங்கின் தலைப்பு 8, பொட்டலத்தின் முகவரிச் சீட்டு 20. கூட்டுங்கள்: 65,538. மூன்றே மூன்று பைட் அதிகம். வாங்குகிற மிஷின் துண்டுகளை ஒட்டிக்கொண்டே வரும். 65,535க்கு மட்டும் கட்டிய தொட்டியில் மிச்சம் வழிந்து பக்கத்து நினைவகத்தில் கொட்டும். மிஷின் அப்படியே நின்றுவிடும். 1996 கடைசியில் இது வெளியே தெரிந்தபோது விண்டோஸ் மட்டுமல்ல, பல யூனிக்ஸ் வகைகள், மேக், சில பிரிண்டர், ரூட்டர் எல்லாம் விழுந்தன. 'மரணப் பிங்' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

அடுத்த வருஷம் வரிசையாக வந்தது. 1997 மே மாதம் 'வின்நியூக்'. ஒரு பொட்டலத்தில் 'அவசரம்' என்று குறி போட்டு விண்டோஸின் 139ஆம் எண் வாசலுக்கு அனுப்பினால் நீலத்திரை. நவம்பரில் 'லேண்ட்': அனுப்புநர் முகவரியிலும் பெறுநர் முகவரியையே எழுதிவிடுவது. மிஷின் தனக்குத்தானே பதில் போட்டுப் போட்டு மாயும். அதே காலத்தில் 'டியர்டிராப்'. ஆசிரியனாக எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். இரண்டாம் துண்டு முதல் துண்டுக்குள்ளேயே தொடங்கி உள்ளேயே முடிவதாகப் பொய் எழுதுவார்கள். மிச்ச நீளத்தைக் கழித்துப் பார்த்தால் மைனஸில் வரும். அந்தக் கட்டத்தில் மைனஸுக்கு இடமில்லை. மோட்டார் மீட்டரை 0000இலிருந்து பின்னால் சுற்றினால் 9999 வருமே, அதுபோல மைனஸ் இரண்டு பிரம்மாண்ட எண்ணாகிவிடும். அவ்வளவையும் நகலெடுக்கப் போய் மிஷின் சாயும். லினக்ஸும் தப்பவில்லை. 2.0.32 பதிப்பில்தான் சரிசெய்தார்கள்.

எழுதியவர்கள் மக்குகள் இல்லை. இந்த நெட் தெரிந்தவர்களுக்குள் பிறந்தது. அமெரிக்காவில் பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும். நம் நாட்டில் 1986இல் தொடங்கிய எர்நெட்டும் அப்படித்தான், சென்னை ஐஐடி உட்பட விரல்விட்டு எண்ணக்கூடிய நிறுவனங்கள். கதவைத் தாழ் போடாமல் தூங்குகிற தெரு. அனுப்பும்போது கண்டிப்பாகவும் வாங்கும்போது தாராளமாகவும் இருக்கவேண்டும் என்பது அவர்கள் வைத்துக்கொண்ட கொள்கை. 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இன்டர்நெட் கொடுத்தது. உலகம் முழுக்க அதே சமயத்தில் முன்பின் தெரியாதவர்கள் தெருவுக்குள் வந்தார்கள். பழைய கதவு அப்படியே இருந்தது.

பட்டாசு ஆபீஸில் ஒவ்வொரு அறைக்கும் இத்தனை பேர், இத்தனை கிலோ மருந்து என்று கணக்கு உண்டு. நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. உள்ளே போகுமுன் எண்ணவேண்டும். போனபிறகு எண்ணிப் பயனில்லை. இந்த மென்பொருள்களில் எண்ணுகிற ஆள் வாசலில் இல்லை, அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் வேறு ஜாதி. 1996 செப்டம்பர் 6, நியூயார்க்கில் பானிக்ஸ் என்ற இன்டர்நெட் நிறுவனம் முடங்கியது. விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட்டுப் பிடிப்போமே, அந்த வேலை. "பேசலாமா?" என்று ஆயிரக்கணக்கில் பொய் முகவரியிலிருந்து கேட்டார்கள். மிஷின் ஒவ்வொருவருக்கும் இடம் ஒதுக்கிக் காத்திருந்தது. யாரும் ஏறவில்லை. நிஜப் பயணிக்கு சீட் இல்லை. இங்கே கூட்டல் தப்பில்லை, விதியே அப்படி. அதே மாதம் டேனியல் பெர்ன்ஸ்டைன் ஒரு வழி சொன்னார்: துண்டு போடவே விடாதே, கணக்கிட்ட ஒரு எண்ணை டோக்கனாகக் கொடு, டோக்கனோடு திரும்பி வந்தவருக்கு மட்டும் சீட். இன்றைக்கும் அது வேலை செய்கிறது.

பழைய கதைதானே என்றால், இல்லை. லேண்ட் 2005இல் விண்டோஸ் எக்ஸ்பி இரண்டாம் சர்வீஸ் பேக்கில் மறுபடி தலைகாட்டியது. 2013இல் புதிய முகவரி முறையில் இன்னொரு மரணப் பிங்குக்கு மைக்ரோசாப்ட் ஒட்டுப்போட்டது. 2019இல் 'அர்ஜென்ட் 11' என்று பதினொரு ஓட்டைகள். ஆஸ்பத்திரிக் கருவிகளிலும் ஆலை இயந்திரங்களிலும் இருக்கும் விஎக்ஸ்வொர்க்ஸ் மென்பொருளில், நாலு ஓட்டைகள் அதே 'அவசரம்' குறியில்! சுமார் 13 வருஷம் யார் கண்ணிலும் படாமல் கிடந்திருக்கின்றன.

நம் பையன் அன்று ஓட்டிப் பார்த்தது இந்த வகைக் குட்டி புரோகிராம் ஒன்றைத்தான். அடுத்தவர் மிஷினில் அதை ஓட்டியது தப்பு, அவரே ஒப்புக்கொள்கிறார். ஆனால் இந்தத் தாக்குதல்களில் எதுவும் உடைவதில்லை. அணைத்துப் போட்டால் மிஷின் எழுந்துவிடும். சேமிக்காத வேலை மட்டும் போகும். அன்று சாயங்காலமே நாலு மிஷினும் ஓடியதாம். ரிப்பேர் என்று ஒன்று நடக்கவே இல்லை. நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவனே சொல்லியிருப்பான்.

கடைக்காரர் இப்போது இல்லை. அப்பா ஊரில்தான் இருக்கிறாராம். ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பார்க்கிறேன்.